தீவுக்கு வழி அமைத்தவர்

பிறந்த ஊரை விட்டுப் பெயர்ந்தவரையே நாம் வெளிமாநிலத் தமிழர் என்கிறோம். மார்டள்ளியில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரலாறோ வேறு. மாதேசுவர மலைக் காடுகளை அடுத்த அவ்வூர் முன்பு கொள்ளேகாலம் வட்டத்தைச் சேர்ந்திருந்தது. அவ்வட்டமோ கோயமுத்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கொள்ளேகாலம் மைசூர் மாநிலத்தோடு இணைந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர், எல்லைதான் நகர்ந்தது. 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டமும் பிரிந்தது.

இவ்வாறு எல்லைகள் மாறும் மண்ணில் ஒருவருக்கு உரிமை எதனால் வருகிறது? அதே கொள்ளேகாலம் பகுதியில், காவிரி இரு கிளையாகப் பிரிந்து அணைத்துச் செல்லும் சிவசமுத்திரத் தீவு இதற்கு விடை கூறுகிறது.

விசயநகர காலத்தில் அங்கே கங்கராசனின் தலைநகர் சிறந்து விளங்கியது. பின்னர் நகரம் அழிந்தது, பாலங்கள் சிதைந்தன, வீதிகளில் காடு மண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மைசூரில் ஆங்கிலேய ரெசிடெண்டிடம் பணியாற்றிய திருச்சிராப்பள்ளி இராமசாமி முதலியார் அத்தீவின்மீது கருத்துச் செலுத்தினார். புதரை அகற்றினார், கோயில்களைச் செப்பனிட்டார், ஆற்றுப் பாறைமேல் கல்தூண் நிறுத்திக் கல் உத்தரம் பரப்பிய பாலங்களை மீண்டும் எழுப்பினார். செலவு அவருடையது, வழியோ எல்லோருக்கும் உரியது. ஆங்கில அரசும் மைசூர் அரசும் அவருக்கு நிலக்கொடை அளித்தன. 'ஜனோபகார காமகர்த்தா' என்னும் பட்டமும் கிடைத்தது. மக்களுக்கு நன்மை செய்பவர் என்பது அதன் பொருள்.

வழி திருத்தும் தொண்டு தமிழர்க்குப் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர் உழவாரப்படை ஏந்திக் கோயில் சுற்றுகளில் புல் செதுக்கினார். அடியார் கால் நோகாதிருக்க வேண்டும் என்பதே அப்பணியின் கருத்து.

ஆனால் காலம் அறத்தின் முறையை மாற்றியுள்ளது. முதலியார் காலத்தில் காட்டை வெட்டுவது பொதுநலம். இன்று காட்டை வளர விடுவதே பொதுநலம். காவிரியின் மேற்பகுதியில், சீரங்கப்பட்டணத்துக்கு அருகே, 1640-களில் கட்டப்பெற்ற அணைக்கட்டால் உண்டான சிறு தீவுகள் அரங்கனதிட்டு எனப் பெயர் பெற்றன. பறவையியல் அறிஞர் சலீம் அலி எடுத்துரைத்ததன் பேரில், 1940-இல் மைசூர் அரசு அத்தீவுகளைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தது. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அங்கே கூடு கட்டுகின்றன. காவிரியின் கீழ்ப்பகுதிக் காடுகளும் 1987-இல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆயின.

இத்தகைய இடங்களில் தொண்டு செய்ய விரும்புவோர் முதலில் வனத்துறையின் இசைவைப் பெறவேண்டும். பணி எளிதாகத் தோன்றும். ஆனால் நுணுக்கம் உடையது. சரிவான நடைவழியில் மழைநீர் ஓடினால் வழியே வாய்க்காலாகிவிடும். ஆகவே பாதைக்குக் குறுக்கே சாய்வாகக் கல் பதித்து, நீரைப் பக்கத்தே திருப்பவேண்டும். அயல்நாட்டிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியை வேரோடு களையலாம். நாட்டு மரக்கன்றைத் தொடலாகாது. பாதையை அகலமாக்குவதும் தவறு. மனிதர் ஒரே வழியில் நடந்தால்தான் மற்ற நிலம் விலங்குகளுக்கு எஞ்சும். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் மண்வெட்டி ஓய்ந்திருக்கவேண்டும்.

2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் சிவசமுத்திரத்துப் பழம்பாலம் ஒன்றின் ஒரு பகுதி சிதைந்து போயிற்று. வழி அமைப்பது ஒருவரால் ஆகும். அதைக் காப்பதோ தலைமுறைதோறும் தொடரவேண்டிய பணி. பம்பாயிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ நாம் வாழ்ந்தாலும், அருகில் ஒரு காடும் ஒரு பாதையும் இருக்கும். மொழி கேளாத அப்பாதையில் ஒரு நாள் உழைத்துப் பார்ப்போம். எல்லைக் கல்லை அரசுகள் நட்டுக்கொள்ளட்டும். வழியைச் செப்பனிட்டவனை எந்த மண்ணும் அயலான் என்று சொல்லாது.