கால்வாய்க்காகப் பிறந்த கல்லூரி

ரூர்க்கியில் படிக்கப் போன முதல் வருடம் ஊர் பிடிக்கவேயில்லை. குளிர், ரொட்டி, புரியாத இந்தி. தஞ்சைக்காரனுக்குக் கால்வாய்க்கரை மட்டும்தான் ஆறுதல். அதன் கதை தெரிந்தபின் ஊரும் பிடித்துப்போனது.

1837-38 பஞ்சத்தில் வடக்கே லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அதன்பின்தான் காட்லி என்ற பொறியாளர் கங்கைக் கால்வாயை வெட்டினார். அந்த வேலைக்கு ஆள் தயார் செய்யவே 1847-ல் எங்கள் கல்லூரி பிறந்தது. சோலானி ஆற்றின் மேல் பாலம் கட்டி, அதில் கால்வாயையே ஓடவிட்டார்கள். அதற்கு மண் சுமக்க 1851-லேயே இங்கே ரயில் எஞ்சின் ஓடியது. பம்பாய்-தானே ரயிலுக்கும் முந்தி! 1854-ல் கால்வாயில் தண்ணீர் விட்டார்கள்.

நம்மூர் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், இந்தக் கால்வாயின் அமைப்பு சரியில்லையென்று பின்னாளில் காட்லியோடு மோதினார். இருவர் கவலையும் வயலுக்குத் தண்ணீர்தான். பஞ்சம் தீர்க்க வெட்டிய கரையில் படித்தவனுக்கு ரூர்க்கி எப்படிங்க அயலூராகும்?