கப்பலைப் பிளந்த கோடு

தொழில்நுட்ப வரைபடத்தில் வெட்டுத்தோற்றம் என்பது ஒரு கற்பனைக் கத்தியின் வேலை. பொருளை எவரும் உண்மையில் அறுப்பதில்லை. அறுத்ததாக எண்ணி, முன்பாதியை அகற்றி, எஞ்சிய பாதியின் முகத்தைத் தாளில் வரைகிறோம். கத்தி பட்ட இடங்களைச் சாய்கோடுகளால் நிரப்புகிறோம்; வெற்றிடத்தை வெற்றிடமாகவே விடுகிறோம். பள்ளியில் தாவரத் தண்டின் குறுக்குவெட்டை வரைந்து பாகம் குறித்த நமக்கு இது பழகிய வித்தைதான். ஆயினும் இதே வரைமுறை ஒரு காலத்தில் மனித வாணிகத்துக்கு எதிரான சாட்சியாய் நின்றதை நாம் அதிகம் நினைப்பதில்லை.

இவ்வித்தையின் வரலாறு நெடியது. லியோனார்டோ டா வின்சி 1489இல் மண்டையோட்டை அறுத்து அதன் உள்ளறைகளை வரைந்தார். ஏறத்தாழ 1519இல் பத்தாம் லியோ போப்பாண்டவருக்கு ரஃபேல் பெயரில் எழுதப்பட்ட மடல், கட்டடத்துக்குத் தளப்படம், வெளிச்சுவர், உட்சுவர் என மூன்று படங்கள் வேண்டும் என்றது. அந்த மூன்றாவதே வெட்டுத்தோற்றம். கப்பற்கலையில் சுவீடனின் சாப்மன் 1768இல் வெளியிட்ட வரைபட நூல் புகழ்பெற்றது. ஆக, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கப்பலைத் தாளில் பிளந்து பார்ப்பது தொழிலறிந்தோரின் அன்றாட மொழியாகியிருந்தது.

1788இல் பிரிட்டிஷ் அரசு அடிமைக் கப்பல்களை அளந்துவர பாரி என்ற கடற்படைத் தலைவரை லிவர்பூலுக்கு அனுப்பியது. அளக்கப்பட்டவற்றுள் ஒன்று 'புரூக்ஸ்'. அவ்வாண்டு இயற்றப்பட்ட டால்பன் சட்டம் கப்பலின் கொள்ளளவுக்கேற்ப ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது; அதன்படி புரூக்ஸ் ஏற்றத்தக்கவர் 454 பேர். அடிமை வாணிக ஒழிப்புக்கெனப் பிளிமத் நகரில் இயங்கிய குழு இந்த அளவுகளைக் கொண்டு ஒரு படத்தை அச்சிட்டது. லண்டன் குழு 1789இல் அதை விரிவாக்கி நீள்வெட்டு, குறுக்குவெட்டு, தளப்படங்கள் ஆகியவற்றை ஒரே தாளில் தந்தது.

தளப்படம் பரப்பைச் சொல்லும். ஆண் ஒருவருக்கு நீளம் 6 அடி, அகலம் 1 அடி 4 அங்குலம். இரண்டு சாணுக்கும் குறைவு. ஆனால் உயரத்தைச் சொல்லத் தளப்படத்தால் இயலாது. அங்கேதான் குறுக்குவெட்டு பேசத் தொடங்குகிறது. இரு தளங்களுக்கும் இடையிலான உயரம் 5 அடி 8 அங்குலம். அதன் நடுவே கப்பலின் இரு பக்கங்களிலும் 6 அடி அகலப் பலகைத் தட்டு. அதன் மேலும் மனிதர், கீழும் மனிதர். ஒவ்வோர் அடுக்குக்கும் எஞ்சுவது 2 அடி 7 அங்குலம். இரண்டு முழம்கூட இல்லை. நிமிர்ந்து உட்காரவும் வழியில்லை. தளப்படத்தை மட்டும் கண்டவர் நெருக்கம் என்பார். குறுக்குவெட்டைக் கண்டவரோ அது பரண் என்று அறிவார்.

சட்டம் அனுமதித்த எண்ணிக்கையை அடுக்கவே அத்தாளில் இடம் நிரம்பிவிடுகிறது. இதே கப்பல் முன்னொரு பயணத்தில் 609 பேரை ஏற்றியது என்று அருகிலுள்ள குறிப்பு கூறுகிறது. அந்த 609 பேர் எவ்வாறு கிடந்தனர் என்பதை எந்தக் கோடும் வரையவில்லை. அதைக் காண்பவரே எண்ணிப் பார்க்க வேண்டும். படத்தின் வலிமை பாதி அங்கேதான் இருக்கிறது.

அடிமைகளின் அறைகள் நறும்புகையும் எலுமிச்சைச் சாறும் கொண்டு மணமூட்டப்பட்டன என்று லிவர்பூல் தரப்பில் சாட்சியம் சொல்லப்பட்டிருந்தது. 1789 மே 12 அன்று நாடாளுமன்றத்தில் வில்பர்போர்ஸ் அச்சாட்சியத்தை எடுத்துக்காட்டிச் சாடினார். சொல்லை மறுக்கச் சொல் உண்டு. அளவுகோலை மறுப்பது எளிதன்று. கப்பல் வரைஞர் சரக்குக்கென வெறுமையாய் விடும் இடத்தில் ஒழிப்புக் குழுவினர் மனித உருவங்களை நிரப்பினர். வணிகரின் மொழியிலேயே வணிகருக்கு எதிரான வாக்குமூலம் எழுதப்பட்டது.

இப்படம் ஒன்றே வாணிகத்தை நிறுத்தியது என்று சொல்வது மிகை. பிரிட்டன் அடிமை வாணிகத்தைத் தடைசெய்தது 1807இல்தான். பெரும்பாலான குடியேற்றங்களில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது. இடையில் 1791இல் ஹெயிட்டியின் அடிமைகள் தம் விடுதலைக்குத் தாமே கிளர்ந்தெழுந்தனர். அவர்களை எவரும் தாளில் அடுக்கிவிட முடியவில்லை.

படத்தின் குறையும் இங்கேயே தெரிகிறது. அதிலுள்ள உருவங்கள் அனைத்தும் ஒரே வார்ப்பு, பெயரில்லை, குரலில்லை. இரக்கம் கோரிய தாளும் அவர்களை எண்ணிக்கையாகவே காட்டியது. அதே 1789இல் லண்டனில், ஒரு காலத்தில் அடிமையாயிருந்த ஒலாடா ஈக்வியானோ தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அடிமைக் கப்பலடியின் நாற்றத்தையும் அலறலையும் அவர் எழுதினார். வெட்டுத்தோற்றம் உள்ளே இருக்கும் இடத்தைத்தான் காட்டும். அங்கே இருந்தவர் யார் என்பதை இருந்தவரே சொல்ல வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதே அக்கப்பல் நமக்கு முழுமையாகத் திறக்கிறது.