முதலியார் எப்படி மூட்லி ஆனார்?

காஞ்சிபுரத்தில், அதுவும் பிள்ளையார்பாளையம் மாதிரி நெசவாளர்கள் நிறைந்த பகுதியில், 'முதலியார்' என்ற சொல்லைக் கேட்காமல் யாரும் வளர முடியாது. அதே சொல் தென்னாப்பிரிக்காவில் 'மூட்லி' என்ற குடும்பப் பெயராக இருப்பது உங்களுக்குத் தெரியுமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். பி.காம் படிக்கிறவர்களுக்கு 'முதல்' என்றாலே கேபிடல்தான் ஞாபகம் வரும். முதலீடு, முதலாளி எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவைதான். 'முதலி' என்றால் தலைவர். மரியாதைக்கு 'ஆர்' சேர்த்தால் முதலியார். ஆக, இது ஒரு பட்டம். தறி நெய்த செங்குந்தர்கள், நிலம் வைத்திருந்த தொண்டைமண்டல வேளாளர்கள், துளுவ வேளாளர்கள் என்று பல சமூகத்தினர் இதைப் போட்டுக்கொண்டார்கள். எனவே இரண்டு முதலியார்கள் சொந்தக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை!

இலங்கையில் கதை வேறு. அங்கே ஐரோப்பியர் ஆட்சியில் அது ஓர் அரசுப் பதவி. சிங்களவர்களுக்கும் கிடைத்தது. பிரதமராக இருந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்காவின் அப்பா 'மகா முதலியார்'.

இனி தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து கிளம்பிய 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலும் கரும்புத் தோட்ட வேலை. ஆங்கிலப் பதிவேட்டில் முதலி 'மூட்லி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். அப்பாவின் பட்டம் பிள்ளைக்கும் பேரனுக்கும் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. இன்று தமிழ் பேசத் தெரியாத பலருக்கும் தமிழ் வேரைக் காட்டுவது அந்தப் பெயர்தான்.

இங்கே நடந்தது நேர் எதிர். 1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் வேண்டாம் என்றது. அதே காஞ்சிபுரத்தில், செங்குந்தர் குடும்பத்தில் பிறந்த அண்ணாவின் பெயரைப் பாருங்கள். சி.என்.அண்ணாதுரை: 'சி' ஊர், 'என்' அப்பா நடராஜன். பட்டம் இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையை காந்தி தன் நூலில் அப்பா பெயரோடும் முதலியார் பட்டத்தோடும் குறிப்பிடுகிறார். நமக்கு அவர் 'தில்லையாடி' வள்ளியம்மை. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டிடத்துக்கும் அப்படித்தான் பெயர் வைத்தார்கள்.

என்னைக் கேட்டால் நாம் செய்ததுதான் சரி. அங்கே அது வெறும் பெயர். இங்கே அது சாதியைச் சொல்லிவிடும். ஆனால் ஒன்று இடிக்கிறது. பெயரிலிருந்து எடுத்த பட்டம், 'மணமகள் தேவை' விளம்பரத்தில் மட்டும் முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறதே, ஏன்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?