தேன்கூடும் தன்னலமும்

தன்னலமும் அறமும் ஒன்றற்கொன்று பகையென்பது தொன்றுதொட்டு வரும் எண்ணமாகும். அவ்வெண்ணத்தை ஐரோப்பாவிலே கலக்கிவிட்டவருள் ஒருவர் ஒரு வைத்தியர். ஒல்லாந்து நாட்டின் ரொற்றர்டாம் நகரில் 1670 ஆம் ஆண்டிற் பிறந்த பேர்ணாட் மண்டவில், லெய்டன் பல்கலைக்கழகத்தில் 1691 இல் வைத்தியப் பட்டம் பெற்று, பின்னர் இலண்டன் மாநகரிற் குடியேறினார். அவருக்குப் புகழும் பழியும் தேடித்தந்த எழுத்துக்கள் யாவும் பிறமொழியாகிய ஆங்கிலத்தில் எழுந்தவையே.

1705 இல் அவர் வெளியிட்ட செய்யுள் ஒரு தேன்கூட்டின் கதை. அக்கூட்டிலே வழக்கறிஞர், வைத்தியர், வணிகர் ஆகிய யாவரிடத்தும் வஞ்சகம் உண்டு. (தம் தொழிலாரையும் அவர் விட்டுவைத்தாரல்லர்.) எனினும் கூடு செல்வத்தாற் பொலிந்தது. நேர்மை வேண்டுமெனத் தேனீக்கள் ஓயாது முறையிட, வானோர் தலைவன் சினந்து அதனை அருளிவிடுகின்றான். வழக்கொழிந்தது, வழக்கறிஞர் பிழைப்பும் ஒழிந்தது. ஆடம்பரம் நீங்கவே அதனால் வாழ்ந்த கம்மியர் வேலையிழந்தனர். ஈற்றில் எஞ்சியவை ஒரு மரப்பொந்தினை நாடிப் பறந்தன.

இச்செய்யுள் உரைநடை விளக்கங்களுடன் 1714 இல் நூலாயிற்று. தனியார் தீயொழுக்கமே பொது நன்மையாகும் என்பது அதன் துணைத்தலைப்பின் கருத்து. ஆயினும் 1723 ஆம் ஆண்டுப் பதிப்பிலே தரும பாடசாலைகளைக் கண்டிக்கும் கட்டுரையொன்று சேர்ந்த பின்னரே புயல் எழுந்தது. மிடில்செக்ஸ் பகுதியின் பெரும் யூரிமார் நூலைப் பொதுத்தொல்லை எனக் குற்றஞ்சாட்டினர்.

மண்டவிலின் வாதத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. இயல்பான விருப்பத்தைப் பகுத்தறிவின் துணைகொண்டு முற்றாக அடக்குவதே அறம் என அவர் வரையறுத்தார். அவ்வளவு உயரத்தில் அளவுகோலை நாட்டிய பின், மனிதர் செயல் யாவும் அதற்குக் கீழ்ப்படுதல் வியப்பன்று. பசிக்கு உண்பதும் பிறர் பொருளைக் கவர்வதும் ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன.

இதனைத் தெளிவாகக் கண்டவர் அடம் சிமித். ஒவ்வோர் உணர்ச்சியையும், அதன் அளவு நோக்காது, முழுத் தீமையாகக் காட்டுவதே மண்டவிலின் பிழை என 1759 இல் வெளிவந்த தமது ஒழுக்கவியல் நூலில் அவர் எழுதினார். தன்னைப் பேணும் விவேகம் அவருக்குக் குற்றமன்று, ஒரு நற்குணமே. இறைச்சிக் கடைக்காரரும் வெதுப்பகத்தாரும் தந்நலங் கருதியே நமக்கு உணவு தருகின்றனர் என 1776 இல் அவர் கூறியபோது, வஞ்சகத்துக்கு அங்கு இடமிருக்கவில்லை.

இருவரும் பெரிதும் வேறுபடுவது ஏழைப் பிள்ளைகள் செய்தியிலேயாம். கற்றவன் கடின வேலைக்கு இணங்கான். ஆதலின் நாடு செழிக்க ஏழையர் பலர் அறியாமையில் இருத்தல் வேண்டும் என்றார் மண்டவில். தன்னலத்தைப் புகழ்ந்தவர் ஏழையின் தன்னலத்துக்கு மட்டும் கதவடைத்தார் என்க. சிமித்தோ, சில எளிய செயல்களையே வாழ்நாள் முழுதும் செய்பவன் அறிவு மழுங்குகின்றான் என அஞ்சி, கொத்துலாந்து நாட்டில் இருந்தவாறு பங்குதோறும் பாடசாலை நிறுவி, தொழிலாளியும் கொடுக்கவல்ல சிறு கட்டணத்தில் எழுத்தும் கணக்கும் கற்பித்தல் அரசின் கடன் என எழுதினார்.