சொர்க்கத்தை ஏமாற்றிய நாய்

அசையும் சித்திரங்களின் கதை – 23

1989 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. அன்று அமெரிக்கா முழுக்க தியேட்டர்களில் இரண்டு கார்ட்டூன் படங்கள் மோதின. ஒன்று டிஸ்னியின் ‘தி லிட்டில் மெர்மெய்ட்’. மற்றொன்று, பத்து ஆண்டுகளுக்கு முன் அதே டிஸ்னியிலிருந்து மனம் வெறுத்து வெளியேறிய ஒருவர் அயர்லாந்தில் உட்கார்ந்து எடுத்த ‘ஆல் டாக்ஸ் கோ டு ஹெவன்’. நாய்கள் எல்லாமே சொர்க்கத்துக்குத்தான் போகும் என்று அர்த்தம். கடற்கன்னி எப்படி ஜெயித்தாள், டிஸ்னி எப்படி மறுபடி எழுந்து நின்றது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம், தோற்றுப்போன அந்த நாயின் கதை.

நாயைப் பெற்றவர் பெயர் டான் ப்ளூத். டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ ஊர்க்காரர். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தில் உதவி ஓவியராக இருந்தவர், இடையில் விலகி 1971-ல் திரும்ப டிஸ்னிக்கு வந்தார். அவர் திரும்பி வந்த டிஸ்னி பழைய டிஸ்னி அல்ல. வால்ட் டிஸ்னி இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கு பார்த்தாலும் சிக்கனம். தரையில் விழும் நிழல், தண்ணீரில் தெரியும் பிம்பம், கண்ணில் மின்னும் ஒளி எல்லாம் வீண் செலவு என்று ஒதுக்கப்பட்டன. அந்த நுணுக்கங்களைக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்ட இளம் ஓவியர்கள் சிலர், வேலை முடிந்த பிறகு ப்ளூத் வீட்டுக் கார் ஷெட்டில் கூடினார்கள். இரவுகளிலும் விடுமுறை நாட்களிலும் ஒரு பூனைக்குட்டியின் கதையைச் சொந்தக் காசில் படமாக்கினார்கள். ‘பேன்ஜோ’ என்ற அந்தக் குறும்படம்தான் அவர்களுடைய பள்ளிக்கூடம்.

1979 செப்டம்பர் 13. ப்ளூத்துக்கு அன்று 42-வது பிறந்தநாள். கேரி கோல்ட்மேன், ஜான் பொமராய் இருவரையும் சேர்த்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். தொடர்ந்து வேறு பல ஓவியர்களும் வெளியேறினார்கள். 1980 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய ‘தி ஃபாக்ஸ் அண்ட் தி ஹவுண்ட்’ படத்தை டிஸ்னி 1981 கோடைக்குத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று.

வெளியே வந்தவர்களுக்குப் பாதை சுலபமாக இல்லை. முதல் முழுநீளப் படமான ‘தி சீக்ரெட் ஆஃப் நிம்’ 1982-ல் வந்தது. கைவேலையில் அதற்கு இணையாக அந்தப் பத்தாண்டில் இன்னொரு படம் இல்லை என்பேன். ஆனால், ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ ஓடிக்கொண்டிருந்த கோடையில் அதைக் கவனிக்க ஆளில்லை. அடுத்து ‘டிராகன்ஸ் லேயர்’ என்ற வீடியோ கேமுக்கு வரைந்தார்கள். அது பரபரப்பாகப் போனது. பிறகு வீடியோ கேம் சந்தையே சரிந்தது, கம்பெனி திவாலானது. பின்னர் அதே ஸ்பீல்பெர்க்கின் தயாரிப்பில் ‘அன் அமெரிக்கன் டெய்ல்’ (1986), ‘தி லேண்ட் பிஃபோர் டைம்’ (1988) என இரண்டு வெற்றிகள். ஆனால் ஸ்பீல்பெர்க்கின் படத்தில் கடைசிச் சொல் ஸ்பீல்பெர்க்குடையது. தன் கதையைத் தன் விருப்பப்படி சொல்ல வேண்டும் என்று ப்ளூத் துடித்துக்கொண்டிருந்தார். ‘காந்தி’ படத்துக்குப் பணம் போட்ட பிரிட்டனின் கோல்ட்கிரெஸ்ட் நிறுவனம் முன்வந்தது. சுமார் 1 கோடியே 38 லட்சம் டாலரில் நாய்ப்படம் தொடங்கியது.

அதற்குள் ஸ்டூடியோ அட்லாண்டிக் கடலைத் தாண்டியிருந்தது. மாரிஸ் சல்லிவன் என்ற தொழிலதிபர் ப்ளூத்தின் கூட்டாளி ஆகி, மொத்தப் பட்டறையையும் 1986-ல் டப்ளினுக்கு மாற்றினார். அன்றைய அயர்லாந்தில் நூறில் சுமார் 17 பேருக்கு வேலை இல்லை. படித்த பிள்ளைகள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலும் விமானமும் ஏறிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கொடுத்தால் மானியம் தருகிறோம் என்றது அரசு. கார்ட்டூன் படம் எப்படி உருவாகிறது என்று பார்த்தே இராத நூற்றுக்கணக்கான ஐரிஷ் பிள்ளைகள் ஃபீனிக்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தார்கள்.

உள்ளே என்ன வேலை? ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைந்த படத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிரேம்கள். முதன்மை ஓவியர், நாய் வாயைத் திறக்கும் படத்தையும் மூடும் படத்தையும் வரைவார். இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய அசைவுகளை உதவி ஓவியர்கள் நிரப்புவார்கள். பென்சில் கோடுகள் கண்ணாடி போன்ற செல்லுலாய்ட் தாளுக்கு மாறும். அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, கோட்டுக்கு வெளியே வழியாமல் பின்பக்கமாக வண்ணம் தீட்ட வேண்டும். காய்ந்ததும் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும். இத்தனையும் முடிந்தால் சார்லி என்ற நாய் ஒரு தடவை கண் சிமிட்டும்! டிஸ்னி வீண் என்று ஒதுக்கிய நிழலும் பிம்பமும் டப்ளினில் மறுபடி உயிர் பெற்றன.

சார்லி பார்கின் ‘நிம்’ காலத்திலேயே ப்ளூத்தின் மனதில் பிறந்துவிட்டவன். கலைந்த முடியோடு துப்பறியும் ஜெர்மன் ஷெப்பர்டு, குரல் பர்ட் ரேனால்ட்ஸ் என்று அப்போதே எண்ணியிருந்தார். திவாலானபோது கிடப்பில் போட்ட அந்த நாயைத் தூசி தட்டி எடுத்தார். படத்தின் தலைப்பு அதைவிடப் பழையது. நான்காம் வகுப்பில் ஆசிரியை வாசித்துக் காட்டிய ஒரு புத்தகத்தின் பெயர் அது. மாற்றச் சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை.

கதை நடப்பது 1939-ல், நியூ ஆர்லியன்ஸ் நகரில். சார்லி சூதாட்ட விடுதி நடத்துகிறவன். பிடித்து அடைத்த இடத்திலிருந்து தப்பி வருகிறவனை, விடுதியின் பங்காளியான கார்ஃபேஸ் என்ற புல்டாக் வஞ்சகமாகக் கொன்றுவிடுகிறது. சார்லி சொர்க்கம் போகிறான். புண்ணியம் செய்தான் என்பதற்காக அல்ல. நாய்கள் பிறவியிலேயே நல்லவை, விசுவாசமானவை. ஆகவே எல்லா நாய்க்கும் அங்கே இடம் உண்டு என்கிறது வரவேற்கும் தேவதை நாய். ஆனால் எதிர்பாராதது எதுவுமே நடக்காத சொர்க்கம் சார்லிக்குச் சலிக்கிறது. தன் ஆயுள் கடிகாரத்தைத் திருடி, சாவி கொடுத்து, பழிவாங்கப் பூமிக்குத் திரும்பிவிடுகிறான். கடிகாரம் ஓடும்வரை உயிர் இருக்கும். நின்றால் நரகம், சொர்க்கத்தின் கதவு இனி அவனுக்குத் திறக்காது.

பூமியில் ஆன்-மேரி என்ற அனாதைச் சிறுமி கிடைக்கிறாள். மிருகங்களின் பேச்சு அவளுக்குப் புரியும். பந்தயத்தில் எது ஜெயிக்கும் என்று மிருகங்களிடமே கேட்டுச் சொல்லிவிடுவாள். அப்பா அம்மா தேடித் தருகிறேன் என்று ஆசைகாட்டி, அவளை வைத்துச் சார்லி பணம் பண்ணுகிறான். கதாநாயகனே ஒரு குழந்தையை ஏமாற்றுகிறான் என்பதைப் படம் ஒளிக்கவில்லை. கடைசியில் எரியும் கப்பலில், தண்ணீருக்குள் போகும் கடிகாரத்தைப் பிடிப்பதா, மூழ்கும் சிறுமியைத் தூக்குவதா என்ற நிலை வருகிறது. சார்லி சிறுமியைத் தூக்குகிறான். கடிகாரம் நிற்கிறது. ஆனால் அந்தத் தியாகத்துக்காகச் சொர்க்கத்தின் கதவு அவனுக்கு மறுபடி திறக்கிறது.

மகாபாரதத்தின் முடிவில், கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கம் என்றபோது, அப்படிப்பட்ட சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்றார் தருமர். நியூ ஆர்லியன்ஸில் ஒரு மனிதக் குழந்தைக்காக நாய் தன்னைக் கொடுக்கிறது. இரண்டு கதைகளும் ஒரே கேள்வியை எதிரெதிர்க் கரையில் நின்று கேட்கின்றன. சிரிக்க வைப்பதற்கென்று டிக்கெட் விற்ற ஒரு குடும்பப் படம் இவ்வளவு தூரம் போனது பெரிய காரியம்.

சார்லிக்கு ரேனால்ட்ஸ் குரல் கொடுக்க, அவனுடைய நண்பன் இட்சிக்கு டோம் டெலூயிஸ் பேசினார். நிஜவாழ்விலும் நண்பர்கள், ‘தி கேனன்பால் ரன்’ போன்ற படங்களில் சேர்ந்து நடித்தவர்கள். கார்ட்டூன் படங்களில் நடிகர்கள் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர்கள் இருவரையும் ஒரே அறையில் நிற்கவைத்துப் பதிவு செய்தார்கள். எழுதித் தராத வசனங்களை அவர்களே போட்டுப் பேசினார்கள். அந்த இரண்டு நாய்களும் பல வருடம் பழகியவை என்று நமக்குத் தோன்றுவது இதனால்தான்.

ஆன்-மேரிக்குப் பேசியவள் ஜூடித் பார்சி. ஹங்கேரியிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள். விளம்பரங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்து, ப்ளூத்தின் முந்தைய படத்தில் டக்கி என்ற டைனோசர் குட்டிக்குக் குரல் கொடுத்தவள். 1988 ஜூலையில், லாஸ் ஏஞ்சலஸில் அவர்களுடைய வீட்டிலேயே, அவளையும் அவளுடைய தாயையும் அவளுடைய தந்தையே கொன்றுவிட்டார். அவளுக்கு வயது 10. அவள் குரல் கொடுத்த இரண்டு ப்ளூத் படங்களுமே அவள் போன பிறகுதான் வெளிவந்தன. இறுதிப் பெயர் வரிசையோடு வரும் பாட்டை அவளுக்குக் காணிக்கை ஆக்கினார்கள். உறங்கும் ஆன்-மேரியிடம் சார்லி விடைபெறும் காட்சியை இந்த விவரம் தெரிந்தபின் என்னால் கண் கலங்காமல் பார்க்க முடிந்ததில்லை. தானே அப்பா அம்மாவைத் தேடும் ஒரு குழந்தைக்கு அவள் பேசினாள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

படத்துக்கு விமர்சனங்கள் கலவையாகவே வந்தன. சூதாட்டம், கொலை, சார்லி கனவில் காணும் நரகம். குழந்தைகளுக்கு இதெல்லாமா என்றார்கள். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற சான்றிதழுக்காக அந்த நரகக் காட்சியில் சில இடங்களை வெட்டவும் நேர்ந்தது. முடிவில் நம்பிக்கை இருந்தால் குழந்தைகள் எந்த இருளையும் தாங்குவார்கள் என்பது ப்ளூத்தின் கொள்கை. அவர் பக்கம்தான் நான். ஆனால் கதையில் தொய்வு உண்டு. நடுவில் ஒரு முதலை வந்து பாடும் பாட்டு எதற்கென்று இன்றும் விளங்கவில்லை. அமெரிக்க வசூல் சுமார் 2 கோடியே 70 லட்சம் டாலர். கடற்கன்னிக்கு 8 கோடியே 40 லட்சம். தியேட்டரில் தவறவிட்ட குடும்பங்கள் பிறகு வீடியோ கேசட்டை வாங்கிக் குவித்தன.

1996-ல் இரண்டாம் பாகம், பிறகு தொலைக்காட்சித் தொடர், 1998-ல் கிறிஸ்துமஸ் படம் என்று சார்லி குறும்புத் தேவதையாகவே நிலைத்துவிட்டான். அவற்றில் எதிலும் ப்ளூத்துக்குப் பங்கில்லை. இரண்டாம் பாகத்தில் ரேனால்ட்ஸுக்குப் பதில் சார்லி ஷீன் வந்தார். டெலூயிஸ் மட்டும் கடைசிவரை இட்சியாக இருந்தார். முதல் படத்தின் கனம் அவற்றில் இல்லை.

ப்ளூத்தின் அடுத்தடுத்த படங்கள் விழுந்தன. 1995-ல் டப்ளின் ஸ்டூடியோ மூடப்பட்டது. ஆனால் நாய்ப்படம் வெளியான அதே 1989-ல், ஸ்டூடியோவின் ஆதரவோடு டப்ளினின் பாலிஃபெர்மட் கல்லூரியில் ஓர் அனிமேஷன் படிப்பு தொடங்கியிருந்தது. ஸ்டூடியோ போனது, படிப்பு நிலைத்தது. அங்கே படித்த டாம் மூரும் நோரா ட்வோமியும் நண்பர்களோடு 1999-ல் கில்கெனி நகரில் ‘கார்ட்டூன் சலூன்’ தொடங்கினார்கள். அவர்களுடைய ‘தி சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’, ‘சாங் ஆஃப் தி சீ’, ‘தி பிரெட்வின்னர்’, ‘உல்ஃப்வாக்கர்ஸ்’ நான்குமே ஆஸ்கர் பரிந்துரை பெற்றன. உலகமே கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகும் அவர்கள் கையால் வரைகிறார்கள். அந்த வெள்ளிக்கிழமை தோற்றது ஒரு படம் மட்டும்தான்.

நாய்ப்படத்தை வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். நரகக் கனவு வரும்போது எழுந்து போகாமல் பக்கத்தில் இருங்கள். கேள்விகள் வரும், பதில் சொல்லுங்கள். அடுத்த வாரம் கில்கெனிக்குப் போவோம்.

(தொடரும்)