கொற்கை: கரிசல்காரர்களுக்கும் உரிய துறை

கரிசலில் பிறந்தவருக்குத் துறைமுகம் என்றால் தூத்துக்குடிதான். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் காடுகளில் எடுத்த பருத்தி வண்டிப்பாதையிலும் பின்னர் ரயிலிலும் அங்கே போய்க் கப்பலேறியது. தூத்துக்குடிக்கு முன்பு காயல். காயலுக்கு முன்பு கொற்கை. இந்த வரிசையை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தருவதில்லை.

கொற்கை, பொருநை என்னும் தாமிரபரணி கடலோடு கலக்கும் முகத்தில் எழுந்த ஆற்றுத்துறை. பாண்டியரின் முத்துக்குளிப்புக்குப் பேர்போனது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், தண்டனை பெற்ற கைதிகளே இங்கு முத்துக்குளித்ததாகச் சொல்கிறது. முத்தின் ஒளியைப் புகழ்கிறவர்கள் அந்தக் கைதிகள் அடக்கிய மூச்சையும் நினைக்க வேண்டும்.

வாழவைத்த ஆறே வழியையும் அடைத்தது. வெள்ளந்தோறும் வந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. கடல் கிழக்கே தள்ளிப்போனது. இன்று கொற்கையிலிருந்து கடல் ஏறத்தாழ 7 கிலோமீட்டர். மரக்கலம் வந்த ஊரைச் சுற்றி இப்போது வயலும் வாழையும். வணிகம் காயலுக்கு இறங்கியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ கண்டது அந்தக் காயலை. அதையும் வண்டல் விடவில்லை.

1870-களில் பாதிரியார் கால்டுவெல் கொற்கையில் தோண்டிப் பார்த்தார். 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் செங்கல் கட்டுமானமும் அறுத்த சங்குகளும் கிடைத்தன. ஒரு கரித்துண்டின் காலம் கி.மு. 785 எனக் கணிக்கப்பட்டது. காசு அடித்த அக்கசாலையின் பெயரைத் தாங்கிய கோயிலும், ஈராயிரம் ஆண்டு பழையது என ஊரார் சொல்லும் வன்னிமரமும் அங்கே நிற்கின்றன.

பழைய துறையை எப்படிப் போற்றலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றங்கரையில் உள்ள எச்சூகா என்ற ஊர். உள்நாட்டுப் பண்ணைகளின் கம்பளி நீராவிப் படகுகளில் வந்திறங்கிய துறை அது. ரயில் பரவியதும் படகு வணிகம் படுத்துவிட்டது. ஆயினும் 1865இல் கட்டிய மரத்துறையில் எஞ்சிய பகுதியை அவ்வூரார் காக்கிறார்கள். பழைய படகுகளையும் ஓட்டுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுப் பழமைக்கே அத்தனை அக்கறை. நம்முடையதோ ஈராயிரத்தைத் தாண்டியது.

கடல் நமக்குத் தொலைவு என்று ஒதுங்க முடியாது. 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் தொடங்கிய வ.உ.சி. ஒட்டப்பிடாரத்துக் கரிசலில் பிறந்தவர்.

கோவில்பட்டிப் பள்ளிகள் ஆண்டுக்கொரு முறையேனும் மாணவரைக் கொற்கைக்கு அழைத்துச் செல்லட்டும். அங்கே நிலம் வைத்திருப்போர், உழும்போது பானையோடோ அறுத்த சங்கோ தட்டுப்பட்டால் வரப்பில் எறியாமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.