இருபத்துநான்கு ஃப்ளாப்பியும் ஒரு பென்டிரைவும்

மலருக்குக் கட்டுரை கேட்டுப் போன் செய்த சீனியர், "கேன்டீன் டீயைப் பத்தியே எல்லாரும் எழுதறாங்க, நீயாவது வேற ஏதாவது எழுதுப்பா" என்றார். உடனே ஞாபகம் வந்தது நமது கணிப்பொறி ஆய்வகத்தின் கடைசி பீரோதான்.

நான் 2007-ல் சேர்ந்தவன். இரண்டாம் ஆண்டில் ஒருநாள் பழைய சாமான்களை ஒழிக்கச் சொன்னார்கள். பீரோவின் அடித்தட்டில் ஒரு செருப்பு டப்பா. உள்ளே மூன்றரை அங்குல ஃப்ளாப்பிகள். ஒவ்வொன்றிலும் நீல மையில், முத்து முத்தான கையெழுத்தில் பூட், ரூட், ஏ1, ஏ2, என்1 என்று லேபிள். "தூக்கிப் போடுப்பா, ஃப்ளாப்பி டிரைவே ஒண்ணும் வேலை செய்யல" என்றார் ஆய்வக உதவியாளர். எனக்கு மனசு வரவில்லை. பொம்மையார்பாளையத்தில் எங்கள் வீட்டுப் பரணில் அந்த டப்பா இன்றும் இருக்கிறது.

அது என்ன என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. அது ஸ்லாக்வேர் லினக்ஸ்.

1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது, அதை 'இன்ஸ்டால்' செய்வது என்ற பேச்சே கிடையாது. 1992 வாக்கில் எச்.ஜே.லூ என்பவர் இரண்டு ஃப்ளாப்பிகளில் அடக்கினார். ஒன்று இயந்திரத்தைக் கிளப்ப, மற்றது கோப்புகளுக்கு. பூட், ரூட் என்ற பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1993 ஜூலையில் பேட்ரிக் வோல்கர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் முதல் பதிப்பு 24 ஃப்ளாப்பி. ஒன்றுக்கு 1.44 எம்.பி. வீதம், எல்லாம் சேர்ந்து 35 எம்.பி. கூட இல்லை, இன்று ஒரு கல்யாண வீடியோவின் ஓரம்! பிற்பாடு வந்த பதிப்புகளில் 'ஏ' வரிசை அடிப்படை, 'என்' வரிசை நெட்வொர்க், 'எக்ஸ்' வரிசை படத்திரை என்று பிரித்திருந்தார்கள். டாஸில் 'ராரைட்' என்ற சின்ன நிரலை ஓட்டி பூட், ரூட் ஃப்ளாப்பிகளை எழுத வேண்டும். பதினெட்டாவதில் ஒரு பேட் செக்டர் வந்தால் அந்த ஃப்ளாப்பியை மறுபடி எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த நீலமைக்காரர் எத்தனை ராத்திரி விழித்திருப்பாரோ.

ஜூனியர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது: "அண்ணா, ஐ.எஸ்.ஓ. ஃபைலை பென்டிரைவில் காப்பி பண்ணினா போதாதா?" போதாது. பழைய பயாஸ் ஒரு டிஸ்கின் முதல் 512 பைட்டுகளை மட்டும்தான் படிக்கும். கடைசி இரண்டு பைட்டில் அடையாளக் குறி இருந்தால்தான் அதற்குக் கட்டுப்படும். கோப்பாகக் காப்பி செய்தால் அந்த முதல் இடம் மாறாமல் அப்படியே கிடக்கும். அதனால்தான் பிம்பத்தை பைட்டுக்கு பைட் எழுத வேண்டியிருந்தது. குறுந்தகட்டிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பவே 1995-ல்தான் பொது விதிமுறை வந்தது. அதன் பெயர் 'எல் டொரிட்டோ', ஒரு மெக்சிகன் உணவகத்தின் பெயர்! ஒரே ஐ.எஸ்.ஓ. பிம்பம் குறுந்தகட்டிலும் பென்டிரைவிலும் கிளம்பும்படி 'ஐசோஹைப்ரிட்' முறை 2008-ல் வந்தது.

நான் படித்த காலம் குறுந்தகட்டுக் காலம். 256 கிலோபிட் இணைப்பில் 700 எம்.பி. இறங்கக் காகிதக் கணக்குப்படி ஆறு மணி நேரம். நிஜத்தில் இரண்டு ராத்திரி. இறங்கியபின் எம்.டி.5 கூட்டுத்தொகை ஒத்துவராவிட்டால், போச்சு. சென்னையில் 1998-ல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு ஐ.ஐ.டி.யில் கூடும், நம்மூரிலிருந்து அது தொலைதூரம். அப்போது கைகொடுத்தது உபுண்டுவின் 'ஷிப்இட்'. முகவரி கொடுத்தால் குறுந்தகட்டை இலவசமாகத் தபாலில் அனுப்புவார்கள். 2008-ல் எங்கள் தபால்காரர் அந்த வெளிநாட்டு உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வேலைக்கு ஆர்டரா?" என்றார். அம்மாவும் அப்படித்தான் நம்பினார்கள். 2011 ஏப்ரலில் அத்திட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் முன்கூட்டியே ஏற்றிக் கொடுத்தார்கள். தகடும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த என் தங்கைக்கும் ஒன்று கிடைத்தது.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். 2013-ல் நண்பனுக்கு ஒரு பென்டிரைவ் தயார் செய்ய, அவளுடைய லேப்டாப்பை லைவ் பென்டிரைவில் கிளப்பி 'டிடி' கட்டளையை அடித்தேன். ஐ.பி.எம். காலத்துப் பெயர் அது. டிஸ்க் டெஸ்ட்ராயர் என்று கேலியும் உண்டு. என் கணிப்பொறியில் பென்டிரைவ் எப்போதும் எஸ்.டி.பி.தான். கை பழக்கத்தில் அதையே அடித்தது. அவள் லேப்டாப்பிலோ வரிசை மாறி, எஸ்.டி.பி. என்பது ஹார்ட் டிஸ்க்காக இருந்தது. டிடி கேள்வி கேட்காது. "அண்ணா, ஏன் ஸ்க்ரீன் கறுப்பா இருக்கு? ஆயா போட்டோவெல்லாம் அதுலதான் இருக்கு."

ஆயா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் போனபோது எடுத்த படங்கள்; வேறு பிரதி கிடையாது.

எழுதப்பட்டது தொடக்கத்தின் 700 எம்.பி. மட்டுமே. அட்டவணை போய்விட்டதே தவிர, பின்னால் இருந்தது அப்படியே கிடந்தது. ஃபோட்டோரெக் என்ற கட்டற்ற மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட்டினேன். படங்கள் வந்தன, பெயரில்லாமல், தேதியில்லாமல், வெறும் எண்களாக, ஆயிரக்கணக்கில். கோயில் வாசலில் ஆயா நிற்கும் படம் வந்தது. கடலில் கால் நனைக்கும் படம் பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாக வந்தது. தங்கை ஒரு வாரம் பேசவில்லை. அதற்குப் பிறகு 'எல்.எஸ்.பி.எல்.கே.' அடித்து டிஸ்க் அளவைப் பார்க்காமல் நான் டிடி பக்கம் போனதில்லை.

இன்று மாணவர்களுக்குக் கஷ்டமில்லை. 2020-ல் வந்த வென்டாயை ஒரு தடவை பென்டிரைவில் ஏற்றிவிட்டால், பிறகு ஐ.எஸ்.ஓ.வைச் சும்மா காப்பி செய்தாலே போதும். ஆக, ஜூனியர் கேட்ட கேள்வி கடைசியில் நியாயம்தான்! சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது.

செருப்பு டப்பாவை நமது கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். 90-களில் படித்த அண்ணன்மார், அக்காமார் யாராவது அந்த நீல மைக் கையெழுத்தை அடையாளம் காட்ட வேண்டும். என்4 மட்டும் டப்பாவில் இல்லை. உங்கள் வீட்டில் கிடந்தால் எடுத்து வாருங்கள்.